தேன் கேட்காதவருக்குத் தேன்: ரைவ்ஸ்கிரிப்டோடு சில ஆண்டுகள்

வந்தேன், பார்த்தேன், படித்தேன். மூன்றுக்குள்ளும் ஒரு 'தேன்' இருக்கிறது. படிக்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. குறிச்சொல்லைத் தேடும் நிரலுக்கு அது மட்டும்தான் தெரியும். "நேற்றுதான் ஊரிலிருந்து வந்தேன்" என்று நலம் சொல்ல வந்தவரிடம், "மலைத்தேன் இருக்கிறது, கால் கிலோ போடட்டுமா?" என்று கேட்டுவிடும்.

இப்படிக் கேட்பவர் ஒரு மளிகைக் கடை அண்ணாச்சி. ரைவ்ஸ்கிரிப்ட் என்னும் உரையாடல் மொழியில் எழுதி, பைத்தான் நிரல்மொழி வழியாக ஓட்டும் ஒரு சாட்பாட், அதாவது எழுத்தில் உரையாடும் நிரல். சில ஆண்டுகளாக இவரைத் திருத்திக்கொண்டே இருக்கிறேன். பெரிய மொழி மாதிரிகள் வந்துவிட்ட காலத்தில் இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பழைய மடிக்கணினியில் இணையம் இல்லாமல் ஓடுகிறது. அண்ணாச்சி வாயிலிருந்து வரும் ஒவ்வொரு வாக்கியமும் நான் எழுதியது. தவறாகப் பேசினால் எந்த வரியால் அப்படிப் பேசினார் என்று கண்டுபிடிக்க முடியும். எனக்கு இவை போதும்.

கருவியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நோவா பெதர்பிரிட்ஜ் உருவாக்கிய திறமூல மொழி இது. கோப்பில் + குறியோடு தொடங்கும் வரி, பயனர் சொல்லக்கூடியது. அதன் கீழே - குறியோடு வருவது பதில். ஒன்றுக்கு நாலு பதில் எழுதி வைத்தால் அவற்றில் ஒன்றைத் தானே பொறுக்கிக்கொள்ளும். நட்சத்திரக் குறி போட்டால் அந்த இடத்தில் எந்தச் சொல்லும் பொருந்தும். நிரல் எழுதத் தெரியாதவரும் ஒரு மாலைப் பொழுதில் பிடித்துக்கொள்ளலாம். தமிழில் எழுதுகிறவர்கள் தமிழ் எழுத்துகளை ஏற்கச் செய்யும் யூடிஎஃப்-8 அமைப்பை இயக்க வேண்டும் என்பதை மட்டும் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மற்ற சங்கடங்கள் எல்லாம் கருவியைவிடத் தமிழ் எழுத்திலிருந்து வருபவை.

பொருந்தாமல் போவதைவிடத் தவறாகப் பொருந்துவதுதான் பெரிய நோய் என்பது இத்தனை நாளில் எனக்கு உறுதியாகிவிட்டது. பொருந்தாதபோது மழுப்பலாம். எலைசா என்ற தொடக்ககால சாட்பாட்டை உருவாக்கி, 1966-இல் அதைப் பற்றி எழுதிய ஜோசப் வைசன்பாமுக்கு இது தெரிந்திருந்தது. மனநல மருத்துவர் வேடத்தை அவர் தேர்ந்ததற்குக் காரணமே, அந்த வேடத்தில் இருப்பவர் உலகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்போலக் கேள்வி கேட்டாலும் யாரும் வியப்படைய மாட்டார்கள் என்பதுதான். அண்ணாச்சிக்கும் அப்படி ஒரு மறைப்பு உண்டு. எதுவும் பொருந்தாவிட்டால், "இருங்கள், எடை போட்டுக்கொண்டிருக்கிறேன், என்ன சொன்னீர்கள்?" என்பார். கடைக்காரர் அப்படிச் சொல்வது இயல்புதானே. ஆனால் "அப்பாவுக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டிவிட்டது" என்றவரிடம் "ஒரு கிலோ போதுமா?" என்று கேட்டால் எந்த வேடமும் காப்பாற்றாது. ஆள் உள்ளே இல்லை என்பது அந்த நொடியே தெரிந்துவிடும்.

எனவே என் நேரம் பெரும்பாலும் தவறான பொருத்தங்களைத் துரத்துவதிலேயே போகிறது. 'படி' என்று ஓர் அளவை உண்டல்லவா, அதைக் குறிச்சொல்லாக வைத்தால் எப்படி, அப்படி, இப்படி, சொன்னபடி எல்லாம் வலையில் விழும். 'ரவை' வைத்தால் 'இரவை' விழும். 'கடை' வைத்தால் 'கடைசி'. ரெஜெக்ஸ் என்னும் எழுத்துவடிவத் தேடல் முறையில், சொல் எல்லையைக் குறிக்கும் குறியைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று ஆங்கில வழிகாட்டிகள் சொல்லும். தமிழில் ஆகாது. பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ், துணைக்கால், கொம்பு, புள்ளி ஆகியவற்றை எழுத்தாகவே மதிப்பதில்லை. 'எப்படி'யில் புள்ளி வந்ததும் சொல் முடிந்துவிட்டதாக நினைத்து, அடுத்த 'ப'விலிருந்து புதுச் சொல் தொடங்குவதாக எடுத்துக்கொள்ளும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும். ரைவ்ஸ்கிரிப்டுக்குள் போவதற்கு முன்பே, பயனர் எழுதியதை இடைவெளி வைத்துச் சொற்களாகப் பிரித்து, குறிச்சொல் சொல்லின் தொடக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ஒரு சிறு சல்லடையை வைத்திருக்கிறேன். தேனும் ரவையும் அதோடு அடங்கின. 'கடைசி', 'படித்தேன்' போன்றவற்றுக்குத் தனியாக ஒரு விலக்குப் பட்டியல்.

சல்லடைக்கு இன்னொரு வேலையும் உண்டு. 'கொ' என்பதை ஒரே குறியாகவும் தட்டலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. யூனிகோடின் என்எஃப்சி ஒழுங்குபடுத்தல் இதைச் சரிசெய்துவிடும். ஆனால் 'சௌசௌ' என்பதைப் பலர் ளகரம் போட்டு 'செளசெள' என்று தட்டுகிறார்கள். அதை எந்த ஒழுங்குபடுத்தலும் தொடாது. கையால்தான் மாற்று எழுதி வைக்க வேண்டும். ஒரு காய்கறிக்காக இவ்வளவு பாடா என்றால், ஆம்.

வேற்றுமை உருபுகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அரிசி நல்ல பிள்ளை: அரிசியை, அரிசிக்கு, அரிசியில் என எங்கும் அடிச்சொல் மாறாது. வெல்லம் அப்படியில்லை. வெல்லத்தை, வெல்லத்துக்கு என்று வரும்போது மகரம் போய்விடும். சரி, 'வெல்ல' என்று வெட்டி வைத்தால் "போட்டியில் வெல்ல வேண்டும்" என்பவருக்கு அச்சு வெல்லம் விற்கத் தொடங்கிவிடுவார். 'வெல்லம்', 'வெல்லத்த' என்று இரண்டாக வைத்த பிறகுதான் ஓய்ந்தார். 'கடலை' மட்டும் இன்றுவரை பிடிகொடுக்கவில்லை. "கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்" என்றால் "வறுத்ததா, பச்சையா?" என்கிறார். அந்தப் பதிலை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன். இது மட்டும் தவறாகத் தெரியாமல் அண்ணாச்சியின் குறும்பாகத் தெரிகிறது.

எதிர்மறைச் சொற்களில் குறும்புக்கு இடமில்லை. 'இல்லை' என்று தேடினால் 'வரவில்லை', 'வாங்கவில்லை' எதுவும் சிக்காது; புணர்ச்சியில் இகரம் மெய்யோடு சேர்ந்து 'வி' ஆகிவிடுகிறது. எனவே சொல்லின் இறுதியில் 'வில்லை' இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேச்சு வழக்கில் தட்டுகிறவர்களின் 'வரல' வகைக்கு இன்னொரு பட்டியல். 'வேண்டாம்', 'பிடிக்காது', 'முடியாது' எல்லாமே பொருள்களின் பெயர்களுக்கு முன்பே சோதிக்கப்பட வேண்டியவை. ரைவ்ஸ்கிரிப்ட் இயல்பாக, அதிகச் சொற்கள் உள்ள வரியை முதலில் பார்க்கும். நம் விருப்பப்படி ஒரு வரியை மேலே தூக்க எடை கொடுக்கலாம். எலைசாவிலும் குறிச்சொற்களுக்குத் தரவரிசை இருந்தது. மருத்துவர் பாத்திரத்தில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லுக்கு 50 என்ற உயர்ந்த மதிப்பு. என் கோப்பில் அந்த இடம் சாவுக்கும் நோய்க்கும். 'இறந்து', 'காலமானார்', 'மருத்துவமனை' என்று ஏதாவது வந்தால் வியாபாரப் பேச்சு முழுவதும் நின்றுவிடும். "அடடா. யாருக்கு?" என்பதோடு முடித்துக்கொள்வார். இந்தச் சிறிய பதில்தான் அவரை மனிதராகக் காட்டுகிறது என்று பேசிப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பயனர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் எலைசா உத்தியைத் தமிழுக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரைவ்ஸ்கிரிப்டில் 'நான்', 'நீங்கள்' போன்றவற்றைச் சொல்லுக்குச் சொல் மாற்றும் வசதி உண்டு. 'நான்' என்பதை 'நீங்கள்' ஆக்குவது எளிது. வினைமுற்றும் கூடவே மாற வேண்டும். 'வருவேன்' என்பது 'வருவீர்கள்' ஆக வேண்டும். ஈற்றில் உள்ள 'ஏன்' ஒலியை 'ஈர்கள்' ஆக்கும் ஒரு விதி எழுதினால் பெரும்பாலும் சரியாகவே வேலை செய்கிறது. ஆனால் தேன் 'தீர்கள்' ஆகும், பள்ளி வேன் 'வீர்கள்' ஆகும். விலக்குப் பட்டியலோடு வைத்துக்கொண்டால் இது மதிப்புள்ள விதிதான். அண்ணாச்சிக்கு நெல்லைப் பேச்சு கொடுக்கும் ஆசையை விட்டதும் இதனால்தான். அவருடைய வாக்கியத்தின் நடுவே பயனரின் எழுத்து நடை வந்து உட்கார்ந்தால் இரண்டு பேர் பேசுவதுபோல ஆகிவிடுகிறது. மரியாதையிலும் இதே கவனம் வேண்டும். வெவ்வேறு காலத்தில் எழுதிய பதில்களில் நீயும் நீங்களும் கலந்துவிடும். கோப்பு முழுவதையும் அவ்வப்போது தேடிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

நாள்பட்ட பயன்பாட்டில்தான் தெரியவரும் ஒரு தொல்லை, % வரி. பாட் கடைசியாகச் சொன்னது இது என்றால் மட்டும் இந்தப் பதிலைத் தா என்பதற்கானது அது. அண்ணாச்சி "பை கொண்டுவந்தீர்களா?" என்று கேட்டு, நீங்கள் "ஆமாம்" என்றால் அதற்கு ஏற்ற பதில் வரும். அழகான வசதி. ஆனால் பிறகொரு நாள் அந்தக் கேள்வியின் நடையைச் செப்பனிட்டு ஒரு சொல்லை மாற்றினால், % வரி அறுந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. "ஆமாம்" என்பதற்குப் பொதுவான பதில் ஏதோ வந்து விழும். பாத்திரத்தை மெருகேற்ற மெருகேற்ற அதன் நினைவாற்றல் குறைவது இப்படித்தான். அதனால் தொடர்க் கேள்விகளைத் தனிக் கோப்பில் வைத்து, கேள்வியும் % வரியும் அடுத்தடுத்து இருக்குமாறு எழுதுகிறேன். பேச்சை ஒரு தலைப்பின் வரிகளுக்குள் மட்டும் நிறுத்தும் வசதியிலும் ஒரு பொறி உண்டு. கடன் கணக்குப் பேச்சுக்குள் நுழைந்த பயனர் வெளியேற வழி எழுதாவிட்டால், அவர் வானிலை பற்றிக் கேட்டாலும் அண்ணாச்சி பழைய பாக்கியையே பேசிக்கொண்டிருப்பார்.

பிழை தேட, டீபக் அமைப்பை இயக்கினால் எந்தெந்த வரிகளை முயன்று பார்த்தது என்று காட்டும். அளவுக்கு மீறிக் கொட்டும் என்றாலும் எடைச் சிக்கல்களுக்கு அதுதான் மருந்து. எனக்கு அதைவிடப் பயன்படுவது நானே சேர்த்துக்கொண்ட ஒரு பதிவேடு: பயனர் சொன்னது, பொருந்திய வரி, வந்த பதில், மூன்றும் ஒரே வரிசையில். பொருந்தாதவற்றின் பட்டியலைத்தான் எல்லோரும் படிக்கச் சொல்வார்கள். நான் பொருந்தியவற்றைப் படிக்கிறேன். சர்க்கரை முந்நூறு அங்கேதான் அகப்பட்டது.

அரசு அலுவலகக் கேள்விகளுக்கோ வங்கிக் கணக்குக்கோ பதில் சொல்லும் பாட் வேண்டும் என்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேள்விகளின் வகை அதிகம், ஒவ்வொரு சொல்லின் ஈற்றையும் துரத்தி மாளாது. ஒரே ஒரு ஆளை, ஒரு கடையளவு உலகத்தோடு படைக்க விரும்புகிறவர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்களை மட்டும் அண்ணாச்சிக்கு இன்னும் புரியவில்லை. அவர்களிடம் எடை போட்டுக்கொண்டிருப்பதாகவே சொல்லி வருகிறார்.