லீன் மிக்ஸ்சரைக் காட்டிக்கொடுத்த ஓபிடி ஸ்கேனர்

என்ஜினுக்குப் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு (லீன் மிக்ஸ்சர்) என்று சொல்லும் பி0171 கோடு வந்ததுமே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடாதீர்கள், முதலில் காரின் ஓபிடி (கோளாறு அறியும்) போர்ட்டில் ஒரு ஈஎல்எம்327 ப்ளூடூத் அடாப்டரைச் செருகி, போனில் பாருங்கள். கோடு படிப்பதைவிட, ஃப்யூயல் ட்ரிம்மை, அதாவது கலவையைச் சரிசெய்ய கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை, என்ஜின் ஓடும்போதே காட்டுவதில்தான் இதன் அருமை இருக்கிறது. என் காரில் ஷார்ட் (உடனடி), லாங் (நீண்டகால) இரண்டு ட்ரிம்மையும் கூட்டினால் ஐடிலில் +22 சதவீதம், 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் +5தான், அப்படியென்றால் பெட்ரோல் பம்பைச் சந்தேகிக்க வேண்டாம், எங்கோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. என்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸை வளைத்துப் பார்த்தால் திருப்பத்தின் அடியில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. புது ஹோஸ் போட்டு, கோடை அழித்து ஓட்டியதும் ட்ரிம் +2, ஐடில் நடுக்கமும் போயே போச்சு. மலிவான நகல்களில் எண்கள் கொஞ்சம் தாமதமாக மாறும், அது ஒரு குறை. ஐபோன்காரர்கள் வைஃபை மாடலாகவோ ப்ளூடூத் எல்இ (பிஎல்இ) மாடலாகவோ பார்த்து வாங்குங்கள்.