கிணற்றில் குதிக்கலாம் என்று சொல்லி விற்ற வாட்ச்

வாட்ச் வாங்கப் போகிறவர்கள், அதிலும் தோட்டவேலை, நீச்சல், சைக்கிள் என்று கை சும்மா இருக்காதவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 3,400 ரூபாயும், கோவைக்குப் போய்வந்த மூன்று நாள் வேலையும் போனது. அதைக்கூட விட்டுவிடலாம். "உங்களைக் கெணத்துல குதிக்கச் சொன்னது யாருங்க?" என்று கடைக்காரர் கேட்டாரே, அதுதான் இன்னும் ஆறவில்லை. குதிக்கலாம் என்று சொன்னதே அவர் கடைப் பையன்தான்.

கோபிசெட்டிபாளையம், அதாவது கோபிக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தோட்டம். விடியற்காலையில் வாய்க்கால் மேட்டில் சைக்கிள், அப்புறம் பால் கறவை, சொசைட்டிக்குப் பால் ஊற்றுவது, மும்முனைக் கரண்ட் வரும் நேரம் பார்த்து மோட்டார் போடுவது. எல்லாமே மணிக்கணக்கு. சேற்றுக் கையோடு செல்போனை எடுத்துப் பார்க்க முடியாது, மடியில் வைத்துக்கொண்டு குனிந்து வேலை செய்யவும் முடியாது. கையில் ஒரு வாட்ச் வேண்டும். கோடை லீவுக்கு அக்கா மகன் வருவான், அவனுக்கு நீச்சல் பழக்க வேண்டும். எங்கள் காலத்தில் முதுகில் சுரைப்புருடையைக் கட்டி இறக்கிவிடுவார்கள், இப்போது காலி எண்ணெய் கேன். எதுவானாலும் கூடவே நாமும் தண்ணீரில் கிடந்தாக வேண்டும்.

கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு கடை. பையன் நல்ல மரியாதையாகப் பேசினான். நான் கேட்டது மூன்றே கேள்வி.

"தண்ணிக்குள்ள போடலாமுங்களா?"

"தாராளமாப் போடுங்ணா. கெணத்துல குதிச்சாலும் ஒண்ணும் ஆகாதுங்ணா. பாருங்க, வாட்டர் ரெசிஸ்டன்ட்னே போட்டிருக்கு."

"கீறல் விழுமா?"

"சஃபையர் கண்ணாடிங்ணா, விழாது."

"மெஷின் எப்படி?"

"ஜப்பான் மெஷினுங்ணா."

ஜப்பான் என்றதும் நான் மயங்கியதற்குக் காரணம் உண்டு. எங்கப்பாவிடம் ஒரு எச்.எம்.டி. இருந்தது. பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் தயாரிப்பு 1961-இல் தொடங்கியபோது, தொழில்நுட்பம் கொடுத்தது ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி. "ஜப்பான்காரன் சொல்லிக் கொடுத்த மெஷினாக்கும்" என்று சொல்லிச் சொல்லியே தினமும் காலையில் அதற்குச் சாவி கொடுப்பார். அந்தச் சொல்லை நம்பித்தான் நான் பணத்தை எடுத்தேன். ஆனால் அப்பா ஒன்று செய்வார், அதை மறந்துவிட்டேன். கிணற்றில் இறங்கும் முன் வாட்சைக் கழற்றி மோட்டார் ரூம் ஆணியில் மாட்டிவிடுவார்.

பணம் யுபிஐயில் அனுப்பினேன். ஒரு துண்டுச் சீட்டில் 'எஸ்டிமேட்' என்று போட்டு, 'வாட்ச் 1, 3,400' என்று எழுதிக் கொடுத்தார்கள். வாரண்டி அட்டையில் சீல் இல்லை. "அதெல்லாம் நம்ம கடையிலயே பாத்துக்கலாங்ணா" என்றான் பையன். சரி என்று வந்துவிட்டேன். அங்கே கேட்டிருக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நாள். கிணற்றிலிருந்து ஏறி வெயிலில் நின்றேன். கண்ணாடிக்கு உள்பக்கம், நான்கு மணி எண்ணுக்கு மேலே, மூச்சு விட்டது போல ஒரு மங்கல். துண்டால் துடைத்தேன், போகவில்லை. பொழுதோட பார்த்தால் அந்த மங்கல் சின்னச் சின்னத் துளியாகி டயலில் நின்றது. உள்ளே பனி பூத்துவிட்டால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். தானாகக் காய்ந்துவிடும் என்று விடக்கூடாது. கண்ணாடி தெளிந்தாலும் முள்ளும் மெஷினும் உள்ளே துருப்பிடிக்கும்.

அடுத்த நாளே பஸ் ஏறிப் போனேன். முதலாளி சொன்னது: "வாட்டர் ரெசிஸ்டன்ட்னா தண்ணி தெளிச்சாத் தாங்கும்னுதான் அர்த்தமுங்க." அதற்கப்புறம்தான் மேலே சொன்ன அந்தக் கேள்வி. பையன் தலை நிமிரவேயில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவன் சொன்னான். சர்வீஸ் என்று 450 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டு, பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். போய் வாங்கி வந்தேன். ஒரு மாதம்கூட ஓடவில்லை, நின்றுவிட்டது.

மறுபடியும் கோவைக்கு அலைய முடியாமல், கோபியிலேயே பழைய ரிப்பேர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் பின்மூடியைத் திறந்து, லென்ஸை என் கண்ணில் வைத்துக் காட்டினார். மூடிக்கு அடியில் தண்ணீரைத் தடுக்க மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று உண்டு. மயிரிழை மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அது பள்ளத்தில் உட்காராமல் ஓரிடத்தில் பிதுங்கி, மூடி அழுத்தி வெட்டுப்பட்டிருந்தது. சர்வீஸ் செய்தவர்கள் ஏனோதானோ என்று மூடியிருக்கிறார்கள். மெஷின் அசல் ஜப்பான்தான், பையன் அதில் பொய் சொல்லவில்லை. ஆனால் டயலின் கீழ்ஓரத்தில் 'ஜப்பான் மூவ்மென்ட்' என்று இருந்தால், உள்ளே ஓடும் மெஷின் மட்டும்தான் ஜப்பான் வகை. கூடு எங்கே செய்தது, ரப்பர் எப்படி, கண்ணாடி எது என்பதற்கெல்லாம் அந்த வார்த்தை பொறுப்பேற்காது.

வாட்சின் பேட்டரி செல்லையும் எடுத்துக் காட்டினார். இந்த மெஷினுக்கு எஸ்ஆர் 626 என்று எழுதிய சில்வர் ஆக்சைடு செல் போட வேண்டுமாம். இருந்தது எல்ஆர் 626. அளவு ஒன்றுதான், ஆனால் அது மலிவான ஆல்கலைன் செல். சீக்கிரம் தீரும், ஒழுகவும் ஒழுகும். இதில் ஒழுகத் தொடங்கியிருந்தது. செல் மாற்றப் போனால் அந்த இரண்டு எழுத்தைப் பாருங்கள்.

பின்மூடியில் இருந்த எழுத்தை அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்'. ஸ்டீல் வாட்ச் என்றல்லவா விற்றார்கள்! அந்த வார்த்தைக்கு, மூடி மட்டும் ஸ்டீல் என்று பொருள். சுற்றியுள்ள கூடு வேறு மலிவு உலோகம், மேலே முலாம். வேர்வை பட்டுப் பட்டு, வார் சேரும் இடத்தில் அந்த முலாம் உரிந்து பச்சை பூத்திருந்தது. சஃபையர் என்ற கண்ணாடியிலோ கணக்கில்லாத கோடுகள். நான் எங்கும் இடிக்கவில்லை. புழுதியைச் சட்டை நுனியால் துடைத்ததுதான் தப்பு. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகளின் கடினம் மோஸ் அளவில் 7. சாதாரண மினரல் கண்ணாடி அதைவிடக் குறைவு, அதனால் துடைக்கத் துடைக்கக் கீறும். சஃபையர் 9, மண்ணுக்கு மசியாது. என் கண்ணாடி சஃபையரே இல்லை என்பதற்கு அந்தக் கோடுகளே சாட்சி.

இப்போது தண்ணீர் விஷயம், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். எண் இல்லாமல் வெறுமனே வாட்டர் ரெசிஸ்டன்ட் என்றோ, 30 மீட்டர் அல்லது 3 பார் என்றோ இருந்தால், கை கழுவலாம், மழையில் நனையலாம். அத்தோடு சரி. 30 மீட்டர் என்பது அவ்வளவு ஆழம் போகலாம் என்ற உத்தரவாதம் இல்லை, புது வாட்சை அசையாமல் வைத்து அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனைக் கணக்கு. நம் கையில் ஏறியபின் வேர்வை, சோப்பு, வெயில் பட்டு ரப்பர் விறைத்து, பிடிப்பு விட்டுக்கொண்டே போகும். நீந்த 50 மீட்டர் வேண்டும். மேட்டிலிருந்து கிணற்றில் குதிக்கிறவர்கள், கொடிவேரியில் அருவித் தண்ணீருக்கு அடியில் நிற்கிறவர்கள் 100 மீட்டர், அதாவது 10 பார், அதற்குக் கீழே வாங்காதீர்கள். எந்த வாட்சானாலும் ஈரக் கையோடு குமிழை இழுத்து நேரம் திருப்பாதீர்கள். ஸ்மார்ட் வாட்சில் ஐபி 68 என்று எழுதியிருப்பது நீச்சலுக்கான எண் இல்லை, அதிலும் 5 ஏடிஎம், அதாவது 50 மீட்டர், இருக்கிறதா என்று தேடுங்கள். நாம் எல்லோரும் கண்ட கேசியோ எஃப்-91டபிள்யூ 1989-இலிருந்து வருகிறது, நல்ல உழைப்பாளி வாட்ச். அதன் முகத்திலும் எண் கிடையாது, கிணற்றுக்கு ஆகாது.

துண்டுச் சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் 1915-க்குப் போன் செய்தேன், அது தேசிய நுகர்வோர் உதவி எண். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம் என்று தெரிந்துகொண்டேன். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் எடுக்க மறுப்பதும் அப்படித்தான். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று சீட்டில் அச்சடித்திருந்தால் பயந்துவிடாதீர்கள். பில் இல்லையே என்று நான் வெசனப்பட்டேன், யுபிஐ ரசீது கை கொடுத்தது. தேதி, தொகை, கடைப் பெயர் மூன்றும் அதில் இருந்தன. சர்வீசுக்குக் கொடுத்த தேதியை வாட்ஸாப்பில் கேட்டு வாங்கியிருந்ததும் உதவியது. புகார் பதிவானதும் கடையிலிருந்து போன் வந்தது. 450 ரூபாயைத் திருப்பி அனுப்பினார்கள், வாட்சுக்குப் பதில் வேறு வாட்ச் தருகிறோம் என்றார்கள். அந்தக் கடையில் இன்னொரு வாட்ச் எனக்கு வேண்டாம், பணம் வேண்டும். அது இன்னும் வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, அங்கே மனு கொடுக்கத் தாள்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

போன மாதம் கோபியிலேயே ஒரு ரெசின், அதாவது கெட்டிப் பிளாஸ்டிக், வாட்ச் வாங்கினேன். பின்மூடியில் '10 பார்' என்று பொறித்திருந்ததை நானே படித்தேன். பெட்டியில் இறக்குமதியாளர் முகவரியும் விலையும் அச்சில் இருந்தன. ஜிஎஸ்டி பில் போட்டதும், "இதுல 10 பார்னு எழுதிக் கொடுங்க" என்றேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்து எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அந்தப் பில் இப்போது ரேஷன் கார்டு கவரில் இருக்கிறது. அக்கா மகன் லீவு முடிந்து ஊருக்குப் போய்விட்டான். கேனைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று நீந்தப் பழகிவிட்டான். ஏறி வந்ததும் அவன் கேட்டது, "மாமா, உள்ள பனி பூத்திருக்கா?"

பூக்கவில்லை.