நான்கு வருட ஃபுரோஷிகி: போன துணி திரும்பி வருவதில்லை

நேற்றுத் தோழி ஒருத்தி போன் செய்தாள். "கடையில ஃபுரோஷிகி விலை குறைச்சிருக்காங்க. மூணு வாங்கிடட்டுமா? அப்புறம் பரிசு சுத்தக் காகிதமே வேண்டாம்ல?" ஃபுரோஷிகி என்பது பொருளைச் சுற்றிக் கட்டும் சதுரமான ஜப்பானியத் துணி. டோக்கியோவுக்கு வந்த நாளிலிருந்து நான்கு வருடமாக நான் பரிசுகளைத் துணியில் கட்டித்தான் கொடுக்கிறேன். அதனால் என்னிடம் கேட்டாள். சட்டென்று "வாங்காதே" என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று விளக்காமல் விட்டது உறுத்துகிறது.

முதலில், எனக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த முடிச்சு! மா முசுபி என்பார்கள். சரியாகப் போட்டால் இரண்டு நுனிகளும் இடமும் வலமுமாகப் படுத்திருக்கும். முதல் சுற்றில் மேலே வந்த நுனியே இரண்டாவது சுற்றிலும் மேலே வர வேண்டும். அது மாறிவிட்டால் நுனிகள் மேலும் கீழுமாக நிற்கும். அது வழியிலேயே நழுவிவிடும். சரியான முடிச்சோ எவ்வளவு கனம் தொங்கினாலும் இறுகுமே தவிர அவிழாது. ஆனால் ஒரு நுனியைப் பிடித்து எதிர்ப்பக்கமாக நேராக இழுத்தால், அந்த முனை குச்சி போல நிமிர்ந்துகொள்ளும். மற்ற முனை அதன் மேல் வெறும் வளையமாகச் சுற்றி நிற்கும். வளையத்தைப் பிடித்து உருவினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நகம் வைத்துப் பிய்க்க வேண்டாம், பல்லால் கடிக்க வேண்டாம். நான்கு வருடம் ஆகியும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

துணி பருத்தியாக இருக்கட்டும். பளபளக்கும் பாலியஸ்டரில் கட்டிய இனிப்புப் பெட்டி ஒருநாள் ரயில் நிலையப் படிக்கட்டில் கழன்று விழுந்தது. அன்றோடு அதை விட்டேன். அளவு 70 செ.மீ. போதும். மூலைக்கு மூலை கிட்டத்தட்ட 99 செ.மீ. வரும், பொருள் அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் கட்டு அழகாக உட்காரும். பாட்டிலுக்கும் அதே துணிதான்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். இதுவரை ஒன்பது துணிகள் பரிசோடு போயின. இரண்டுதான் திரும்பி வந்தன. நீலச் சாயம் தோய்த்த பருத்தித் துணி ஒன்று, 2,200 யென் கொடுத்து ஆசையாக வாங்கியது. போன மாதம் ஒரு வீட்டில் மைக்ரோவேவ் மேல் அது விரித்திருக்கக் கண்டேன். அவர்கள் மேல் தப்பே இல்லை. பரிசைச் சுற்றி வந்தது பரிசுதான் என்று யாரும் நினைப்பார்கள். வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. நம் ஊரில் குழம்பு வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாது. ஏதாவது போட்டுத்தான் கொடுப்போம். துணியைக் கேட்டால் அதையும் சேர்த்துக் கேட்பதுபோல் ஆகிவிடும். ஒரே ஒரு குடும்பம் மட்டும் துணியை இஸ்திரி போட்டு, உள்ளே நான்கு அதிரசம் வைத்துக் கொடுத்தது.

பக்கத்து வீட்டு ஜப்பானியப் பாட்டி ஒருமுறை எங்களைப் பார்க்க வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. உட்கார்ந்து, மடியில் முடிச்சை அவிழ்த்தார். பெட்டியை எடுத்து, முகப்பு எங்களைப் பார்க்கும்படி திருப்பி, இரண்டு கையாலும் நீட்டினார். துணியை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். இதுதான் பழைய முறை. பெயரிலேயே இருக்கிறது: ஃபுரோ என்றால் குளியல், ஷிகி என்றால் விரிப்பு. எடோ காலத்தில் (1603–1868) பொதுக் குளியலறைக்குப் போனவர்கள் தங்கள் உடைகளை இதில்தான் கட்டிக்கொண்டு போனார்கள். அது கொண்டுவந்தவரின் துணி, அவரோடே திரும்பிப் போகும். 2006-இல் ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யுரிகோ கொய்கே, பிளாஸ்டிக் பைக்கு மாற்றாக 'மொட்டாய்னாய் ஃபுரோஷிகி' (மொட்டாய்னாய் என்றால் 'வீணாகிறதே' என்ற ஆதங்கம்) என்று அறிமுகப்படுத்தியபோதும், நாம் கூடவே வைத்துக்கொள்ளும் துணியாகத்தான் அதைச் சொன்னார். பரிசுக் காகிதத்துக்கு மாற்று என்று விற்பவர்கள் இந்தத் திரும்பிப் போகிற பகுதியை மட்டும் சொல்வதே இல்லை. கொடுத்துக்கொண்டே இருந்தால் காகிதத்தைவிடச் செலவு பல மடங்கு. துணியும் எங்கோ ஒரு அலமாரியில் சும்மா கிடக்கும்.

அதனால் தோழிக்கு என் பதில்: பரிசோடு கொடுத்துவிட என்றால் மூன்று இல்லை, ஒன்றுகூட வாங்காதே. உனக்கென்று ஒன்று வாங்கு, பருத்தியில்.

அடுத்த வாரம் அவள் மகனுக்குப் பிறந்தநாள். துணியில் கட்டித்தான் கொண்டுபோகிறேன். அவன் முன்னாலேயே நுனியை இழுத்து, வளையத்தை உருவி, பெட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு, துணியை மடித்து என் பைக்குள் வைத்துக்கொள்வேன்.