இணைய ஏலத்தில் நாணயம் வாங்கலாமா? மதுரையிலிருந்து ஒரு சேகரிப்பாளரின் மதிப்பீடு

கடந்த நான்கு ஆண்டுகளாக இரண்டு இடங்களில் இணைய ஏலம் கேட்டு நாணயங்கள் வாங்கி வருகிறேன். ஒன்று, முறையாகப் பட்டியல் வெளியிட்டு, ஒவ்வொரு லாட்டுக்கும் (ஒன்றாக ஏலம் விடும் காசு அல்லது காசுத் தொகுதிக்கும்) எடையும் இருபுறப் படமும் கொடுத்து ஏலம் நடத்தும் நிறுவனம். மற்றொன்று, யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் படம் எடுத்துப் போட்டு விற்கக்கூடிய செயலி. இரண்டிலுமாக நாற்பத்தேழு லாட்டுகள் வாங்கியிருக்கிறேன். அவற்றில் ஒன்பதை வாங்கியிருக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது. அந்த ஒன்பதில் எட்டு செயலியில் வாங்கியவை. பெயர்களை எழுதாமல் விடுகிறேன். நான் சொல்லப்போகும் குறைகள் இதே முறையில் விற்கும் எந்த இடத்திலும் நேரக்கூடியவை என்பதே காரணம்.

முதலில் அந்த எட்டில் ஒன்றைச் சொல்கிறேன். 1862 ஆண்டு பொறித்த விக்டோரியா ஒரு ரூபாய். படத்தில் அரசியின் கிரீடத்து மணிகளும் உடையின் பூவேலைப்பாடும் துல்லியமாகத் தெரிந்தன. '160 ஆண்டுப் பழமை, மிக அரிது' என்று விற்பவர் எழுதியிருந்தார். காசு வந்ததும் தெற்காவணி மூல வீதியில் எனக்குப் பழக்கமான நகைக்கடைக்கு எடுத்துச் சென்று, "அண்ணே, இதைக் கொஞ்சம் எடை போட்டுப் பாருங்க" என்றேன். 11.52 கிராம் காட்டியது. அசல் ரூபாயின் எடை 11.66 கிராம் என்பதால், கைமாறித் தேய்ந்த காசுக்கு இந்தக் குறைவு இயல்பானதுதான் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். அவர் காசைக் கல்லாவின் கண்ணாடி மீது தட்டிப் பார்த்துவிட்டு, "எடை சரியாத்தான் இருக்கு தம்பி, சத்தம்தான் சரியில்ல" என்றார். வெள்ளிக்கு உரிய நீண்ட கணீர் ஒலி அதில் இல்லை.

ஐயம் தீர வீட்டில் ஒரு சோதனை செய்தேன். நாணயம் வாங்கும் எவரும் சில நூறு ரூபாய் விலையுள்ள சிறிய மின்னணுத் தராசு ஒன்றை வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். தராசின் மீது தண்ணீர் உள்ள டம்ளரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்க வேண்டும். பிறகு காசை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் நீருக்குள் முழுவதும் மூழ்குமாறு தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் எண், காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி கிடைத்துவிடும். விக்டோரியா காலத்து ரூபாயில் வெள்ளி 91.67 சதவீதம், மீதி செம்பு. ஆகவே அடர்த்தி ஏறத்தாழ 10.3 வர வேண்டும். அதாவது, 11.52 கிராம் காசுக்குத் தராசு 1.12 கிராமை ஒட்டி நிற்க வேண்டும். என் காசுக்கு 1.31 காட்டியது. வகுத்தால் 8.8கூட வரவில்லை. அது வெள்ளியே இல்லை. செம்பும் நிக்கலும் கலந்த ஏதோ ஒரு வெண்ணிற உலோகம். எடையை மட்டும் நம்பியிருந்தால் இன்றும் அது என் பெட்டியில் அசலாகவே இருந்திருக்கும். விற்பவருக்கு எழுதியபோது "தேய்மானம் சார்" என்று பதில் வந்தது. கிரீடத்து மணி ஒவ்வொன்றும் கூர்மையாக நிற்கும் காசில் தேய்மானம் எங்கிருந்து வரும்? பொருள் கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் புகார் செய்யவில்லை என்பதைக் காட்டி, செயலியும் கைகழுவிவிட்டது.

உண்மையான 1862 ரூபாயாகவே இருந்தாலும் அது அரிய காசு அன்று. 1862 தொடங்கி 1870களின் முற்பகுதி வரை அடித்த ரூபாய்களில் எல்லாம் அதே ஆண்டைத்தான் பொறித்தார்கள். ஆகவே விக்டோரியா ரூபாய்களில் மிகுதியாகக் கிடைப்பது இதுவே. காசில் இருக்கும் எழுத்தும் ஒரு சாட்சி. 1862 காசில் 'விக்டோரியா குயின்' என்றுதான் இருக்க வேண்டும். 'எம்ப்ரஸ்' என்னும் பட்டம் 1877 முதலே காசுகளில் வருகிறது. இதுகூடத் தெரியாமல் 1862 என்ற ஆண்டோடு 'எம்ப்ரஸ்' என்று பொறித்த போலியை ஒருவர் ஏலத்தில் ஏற்றியிருந்ததையும், அதற்குப் பதினொரு பேர் போட்டி போட்டதையும் கண்ணால் பார்த்தேன்.

இன்னொரு ஆண்டையும் இங்கே சொல்ல வேண்டும். 1940 முதல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. அதற்கு முந்தைய 1939 வெள்ளி ரூபாய் உண்மையிலேயே மிக அரிது. அந்தப் புகழை நம்பி 1938 காசின் கடைசி எண்ணைச் செதுக்கி மாற்றியவை உலவுகின்றன. 1939 ரூபாயை, கடைசி எண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் படமும் தரச் சான்றும் இல்லாமல் எந்த விலைக்கும் கேட்க மாட்டேன். சான்றோடு வரும் பிளாஸ்டிக் உறையையும் அப்படியே நம்புவதில்லை. உறையில் உள்ள எண்ணை, சான்று அளித்த நிறுவனத்தின் தளத்தில் உள்ளிட்டு, அங்கே வரும் படத்தில் உள்ள கீறல்களை ஏலப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஏலம் கேட்கிறேன்.

இராமர் பட்டாபிஷேகம், அனுமன், தாமரை ஆகியவை பொறித்து, 1616, 1717, 1818 என்று ஆண்டு போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்டதாகச் சொல்லி விற்கும் 'அணா'க்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. கம்பெனி அப்படி ஒரு காசை ஒருபோதும் அடித்ததில்லை. அவை கோயில் வாசலில் விற்கும் வில்லைகள். அவற்றுக்கும் வைஷ்ணவதேவி உருவம் உள்ள ஐந்து ரூபாய்க்கும் இலட்சக்கணக்கில் விலை சொல்லி, விற்றுத்தர 'பதிவுக் கட்டணம்' கேட்டு ஏமாற்றுபவர்கள் உண்டு. தன் பெயரையும் முத்திரையையும் காட்டிப் பழைய நாணயங்களுக்குக் கமிஷனும் வரியும் வசூலிப்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாக எச்சரித்தது. உசிலம்பட்டிப் பக்கத்தில் என் உறவினர் ஒருவர் அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் இரண்டு தவணை கட்டி ஏமாந்தார் என்பதால்தான் இதை இங்கே சேர்க்கிறேன்.

விலை விஷயத்தில் நான் வைத்திருக்கும் கணக்கு இது. ஏல நிறுவனத்தில் வாங்குபவர் கமிஷன், வரி, கூரியர் எல்லாம் சேர்ந்தால், நூறு ரூபாய்க்குக் கேட்ட பொருள் வீடு வந்து சேரும்போது நூற்றிருபத்தைந்து ரூபாயை நெருங்கிவிடுகிறது. பொதுவான ஆண்டுகளின் வெள்ளி ரூபாய்க்கு இந்தக் கூடுதல் செலவு கட்டுப்படியாகாது. 1940க்கு முந்தைய ஒரு ரூபாயில் இருக்கும் தூய வெள்ளி சுமார் 10.69 கிராம், அதை அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் வருவதே அதன் அடிமட்ட மதிப்பு. அதற்குச் சற்று மேலே விலை வைத்து நேரில் காட்டித் தருபவர்கள் மதுரையிலேயே இருக்கும்போது, கையில் எடுத்துப் பார்க்க முடியாத காசுக்கு ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

ஆனால் நம் மண்ணின் செப்புக் காசுகளுக்கு இணைய ஏலம் நல்ல வாசல். சென்ற ஆண்டு அந்த ஏல நிறுவனத்தில் 'தென்னிந்தியச் செப்புக் காசுகள், 14' என்று மட்டும் எழுதியிருந்த ஒரு லாட்டை வாங்கினேன். படங்கள் தெளிவாக இருந்தன. பச்சைக் களிம்பு இயல்பாகப் படிந்திருந்தது. விளிம்பில் வார்ப்பின் கோடோ, பரப்பில், அச்சில் அடிக்காமல் உருக்கி வார்த்த போலிகளில் காணும் சிறு குமிழிப் பள்ளங்களோ தெரியவில்லை. பதினொன்று நாயக்கர் காலத்து எளிய காசுகள். இரண்டில் உருவமே தெரியவில்லை. கடைசிக் காசை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் மெல்லத் திருப்பிப் பார்த்தேன். களிம்புக்கு நடுவே 'தலையா' என்ற எழுத்துகள் எழும்பி வந்தன. 'எல்லாந்தலையானான்' என்று பொறித்த பிற்காலப் பாண்டியர் காசு. பாண்டியர் தலைநகரில் அமர்ந்து அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்த மாலையை நான் மறக்க மாட்டேன். அதைக் கழுவவில்லை, தேய்க்கவில்லை; வந்த நிலையிலேயே காகித உறையில் வைத்திருக்கிறேன். புளியும் எலுமிச்சையும் போட்டுப் பளபளப்பாக்கிய செப்புக் காசு எத்தனை அரிதானாலும் பாதி மதிப்பை இழந்துவிட்டது என்றே கொள்வேன்.

செயலியில் 'வைகை மணலில் கிடைத்தது' என்ற குறிப்போடு சதுரச் செப்புக் காசுகள் அடிக்கடி வருகின்றன. ஒருபுறம் யானையும் மறுபுறம் கோடுகளாலான மீன் சின்னமும் கொண்ட சங்ககாலப் பாண்டியர் காசின் சாயலில் இருக்கும். அந்தக் குறிப்பு உண்மையாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. சொன்னது பொய்யென்றால் காசும் பொய்யாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கிடைத்த இடம் தெரியாமல் போன ஒரு காசு, வரலாற்றுக்குச் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதியைச் சொல்லாமலே போய்விடுகிறது என்ற வருத்தமும் எனக்கு உண்டு. அயல்நாட்டில் இருக்கும் உறவினருக்கு வாங்கி அனுப்ப நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். நூறு ஆண்டைக் கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது.

மொத்தத்தில் அந்த ஏல நிறுவனத்துக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். எடையைச் சரியாகக் குறிப்பிடுகிறார்கள். போலி என்று நிரூபித்தால் பதினைந்து நாளுக்குள் திரும்பப் பெறுகிறார்கள். எனக்கு ஒருமுறை அப்படிப் பணத்தைத் திருப்பியும் கொடுத்தார்கள். விளிம்பின் படத்தைக் கேட்டால்தான் அனுப்புகிறார்கள் என்பதற்காக ஒன்றைக் குறைக்கிறேன். செயலிக்கு ஒன்று. எடை எழுதுவதையும் இருபுறப் படத்தையும் விற்பவருக்குக் கட்டாயமாக்கும் வரை அங்கே மீண்டும் வாங்குவதாக இல்லை.

அடுத்த ஏலப் பட்டியலில் மதுரை சுல்தான்களின் ஆறு காசுகள் ஒரே லாட்டாக வந்திருக்கின்றன. 1335 முதல் 1378 வரை மட்டுமே நீடித்த அந்த ஆட்சியின் காசு ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஆறில் நான்கின் எழுத்துகள் படத்திலேயே தெளிவாக இருக்கின்றன. மற்ற இரண்டுக்கும் விளிம்புப் படம் கேட்டு எழுதியிருக்கிறேன். அந்தப் படங்கள் வந்து சேர்ந்தால், செலவெல்லாம் உட்பட நாலாயிரம் ரூபாய் வரை கேட்பேன்.