சிங்காநல்லூர் குளத்தில் ஞாயிறு களையெடுப்பு: ஒன்பது மாதம் போய்வந்தவனின் மதிப்பீடு

கோவை பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் இரும்புத் தூளோடு கிடக்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் பெரிய விஷயம். ஏழாவது படிக்கிற மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து, "அப்பா, குளத்துல களை புடுங்க ஆள் கூப்பிடறாங்க, போலாமா?" என்று கேட்டாள். அவளுக்குத் துணையாகத்தான் போனேன். அது போன ஆகஸ்ட். நடுவில் நாலைந்து ஞாயிறு தவறியது போக, இன்றுவரை இரண்டு பேரும் போய்க்கொண்டிருக்கிறோம். குறைகளையும் எழுதப் போவதால் குழுவின் பெயரைத் தவிர்க்கிறேன்.

காலை 6.30க்குக் கரையில் கூடுவோம். 9 மணிக்கு முடிந்துவிடும். கட்டணம் எதுவும் இல்லை. அருவாள், களைக்கொத்து, மம்முட்டி, கையுறை எல்லாம் அவர்களே தருகிறார்கள். நொய்யல் தண்ணீரை நம்பி வெட்டிய குளங்களில் இதுவும் ஒன்று. 2017இல் மாநகராட்சி இதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. திருச்சி ரோட்டில் இருபது வருஷமாகப் போய்வருகிறேன், ஒருநாளும் வண்டியை நிறுத்தி இந்தக் குளத்தைப் பார்த்ததில்லை.

முதல் நாள் அருவாளோடு தண்ணீரோரம் இறங்கினேன். ஆளுயரத்துக்குச் சம்பு அடர்ந்து நின்றது. என் கண்ணுக்கு அது வெறும் புதர். நாலு வெட்டு வெட்டியிருப்பேன். "இருங்கண்ணா, இருங்க, அதை வெட்டிராதீங்க!" என்று ஒரு பெண் ஓடிவந்தார். தாவரவியல் படித்தவர், வாராவாரம் எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர். என்னைக் கரையேறி நிற்கச் சொன்னார். ஐந்து நிமிஷம் பேச்சில்லாமல் நின்றோம். சம்புக்குள்ளிருந்து நீலத்தாழைக்கோழி ஒன்று, சிவந்த நெற்றியும் நீளக் கால்களுமாக மெதுவாக வெளியே வந்தது. அதன் பின்னாலேயே கறுப்புப் பஞ்சுருண்டை மாதிரி இரண்டு குஞ்சுகள். "இதுகளுக்கு வீடே இதுதானுங்கண்ணா" என்றார்.

அந்த இடத்திலேயே இந்தக் குழுவின் மேல் எனக்கு மதிப்பு வந்துவிட்டது. ஊரில் குளத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று இறங்குகிற பலர் கரையை மொட்டையடித்துவிட்டுப் போகிறார்கள். எதைப் பிடுங்கக் கூடாது என்று முதலில் சொல்லித் தருகிற ஆட்களை நான் இங்கேதான் பார்த்தேன். எருக்கைத் தொடுவதில்லை. அதன் இலையில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டை வைக்கும். வரிவரியான புழுவை மகள் எனக்குக் காட்டினாள். பட்ட மரத்தையும் வெட்டுவதில்லை. அதில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயப் போடுகிறது.

பிடுங்குவது முக்கியமாக மூன்று: ஆகாயத்தாமரை, நெய்வேலிக் காட்டாமணக்கு, பார்த்தீனியம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை இருக்கிறது. ஆகாயத்தாமரையை இழுத்துக் கரைச் சரிவிலேயே போட்டுவிட்டால் அடுத்த மழைக்குத் திரும்பக் குளத்துக்குள் போய்விடும். மேட்டுக்குத் தூக்கிக் கொண்டுபோய்க் காயப்போட வேண்டும். காட்டாமணக்கு அதைவிட மோசம். வெட்டிப்போட்ட தண்டு ஈரமண்ணில் கிடந்தால் வேர்விட்டு எழுந்துவிடும். துண்டு விடாமல் பொறுக்க வேண்டும், வேரையும் கிண்டி எடுக்க வேண்டும். ஒரு தூரை எடுக்க இரண்டு பேருக்கு அரைமணி நேரம் ஆகிறது. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, மழை பெய்த ஈரத்தில் வேரோடு இழுத்துவிட வேண்டும். பூத்து விதைத்துவிட்டால் ஒரே செடி பல்லாயிரம் விதை கொட்டும். ஐப்பசி மழையில் நாங்கள் வரிசையாக நின்று பிடுங்கிய துண்டு நிலத்தில் இப்போது புல் தலைகாட்டியிருக்கிறது. அதைப் பார்க்கத்தான் வந்ததும் முதலில் அந்தப் பக்கம் நடக்கிறேன்.

பட்டறைக்காரன் என்பதால் கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அருவாள்கள் கொல்லன் உலையில் அடித்தவை, நல்ல இரும்பு. ஆனால் முனை மழுங்கிக் கிடந்தது, பிடிகள் ஆடின. ஓங்கி வெட்டும்போது கழன்று பக்கத்தில் நிற்கிறவர் மேல் விழுந்தால் என்ன ஆவது? இரண்டாவது வாரமே எல்லாவற்றையும் வண்டியில் போட்டுப் பட்டறைக்குக் கொண்டுவந்து, சாணை பிடித்து, பிடிக்குப் பூண் அடித்துக் கொடுத்தேன். இப்போது மாதம் ஒருமுறை அந்தப் பை என்னிடம் வருகிறது. சொன்னால் கேட்டுக்கொள்கிற குழு என்பது பெரிய நிறை.

கையுறை விஷயத்தில்தான் எனக்கு வருத்தம். ஒரே அளவுதான் வாங்கி வைத்திருந்தார்கள். மகளின் சின்னக் கைக்கு அது நிற்காமல் நழுவி, பார்த்தீனியம் பட்டு மணிக்கட்டெல்லாம் தடித்துவிட்டது. இரண்டு நாள் சொறிந்துகொண்டே இருந்தாள். குழந்தைகளைக் கூப்பிடுகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். சண்டை போடாத குறையாகச் சொன்ன பிறகு சின்ன அளவு வந்தது. கழிப்பறை வசதி இல்லாததும் குறை. பெண்கள் சிலர் 8 மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வேலை எந்தக் கரையில் என்ற தகவல் சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வாட்ஸ்அப்பில் வருகிறது. சுண்டலும் டீயும் நன்றாக இருக்கும். டம்ளரை நாம் கொண்டுபோக வேண்டும்.

மரம் நடும் நாளென்றால் நூறு பேர் வருகிறார்கள். நீர்மருது, புங்கன், நாவல் என்று நம் மண்ணுக்கான கன்றுகளாகப் பார்த்து நடுகிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் இந்த ஏப்ரலில் அதே கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமக்க நாங்கள் ஐந்தே பேர். எங்களால் எட்ட முடியாத கடைசி வரிசையில் பாதி காய்ந்துபோனது. அந்த வரிசையை இப்போதும் நேராகப் பார்க்க முடியவில்லை.

ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பையும் இங்கே செய்தோம். தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கிறது. ஓரிடத்தில் பதினைந்து நிமிஷமாவது நின்று, பார்த்ததையெல்லாம் எண்ணி, இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். மகளின் பட்டியலில் கூழைக்கடா, பாம்புத்தாரா, முக்குளிப்பான், புள்ளிமூக்கு வாத்து என்று பத்தொன்பது வகை. அவற்றில் காக்கா, மைனா தவிர ஒன்றின் பெயரும் எனக்குத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். கழிப்பறைக்கு ஒரு வழி செய்தால் ஐந்தும் தருவேன். வர நினைப்பவர்கள் முழுக்கைச் சட்டையும் பழைய ஷூவும் போட்டு வாருங்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம். நடும் நாளுக்கு ஆள் இருக்கிறது. இந்த மே மாத ஞாயிறுகளில் ஒரு குடத்தோடு வாருங்கள்.