ரசீதும் வண்டி எண்ணும் இல்லாமல் பழைய ஃப்ரிட்ஜை யாரிடமும் ஏற்றிவிடாதீர்கள்

கடலோரத்தில் குடியிருப்பவர்கள், வீட்டில் பழைய ஃப்ரிட்ஜ், மெத்தை, டிவி என்று எதையாவது கழித்துவிட நினைப்பவர்கள், தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். நான் ஏமாந்த மாதிரி இன்னொருவர் ஏமாறக் கூடாது.

எங்கள் ஃப்ரிட்ஜுக்கு 16 வயது. உப்புக்காற்றில் அடித்தகடு துருப்பிடித்து உதிர ஆரம்பித்திருந்தது. கூடவே ஒரு பிக்சர் ட்யூப் டிவி, மழையில் நனைந்து நாறிப்போன இரண்டு மெத்தைகள். தினமும் தெருவுக்கு வரும் குப்பை வண்டி இதையெல்லாம் தொடாது. அது அமுக்கி ஏற்றுகிற வண்டி. ஃப்ரிட்ஜைப் போட்டால் எந்திரம் பழுதாகிவிடும் என்று பணியாளர் சொன்னது நியாயம்தான். உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டேன். பெரிய பொருள்களுக்குத் தனியாகப் பதிய வேண்டும், ஆறு வாரம் ஆகும் என்றார்கள். நாமே கொண்டுபோகலாம் என்றால் மறுசுழற்சி மையம் 40 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது, வேலைநாளில் பகலில் மட்டும்தான் திறந்திருக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழிமுகம் என்று ஒடுங்கிக் கிடக்கிற ஊரில் இப்படியொரு மையத்துக்கு இடம் ஒதுக்க முடியாது என்பது அவர்கள் பதில். சரி, வாரத்தில் ஒருநாள் ஒரு லாரியையாவது இங்கே கொண்டுவந்து நிறுத்தலாமே என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

அந்த நேரத்தில்தான் ஒருவர் லோடு வண்டியோடு வந்தார். "எல்லாமே மறுசுழற்சி மையத்துக்குத்தான் போகுது அக்கா, நான் வாராவாரம் போறேன்" என்றார். கேட்ட கூலியைக் கொடுத்தேன். ரசீது கேட்டபோது, "இறக்கினதும் போட்டோ அனுப்புறேன்" என்றார். சொன்னபடி மாலையில் வாட்ஸ்அப்பில் படமும் வந்தது. தகரக் கொட்டகை, சுவரோரம் அடுக்கிய பழைய ஃப்ரிட்ஜ்கள், மூலையில் சாய்ந்து கிடக்கும் ஒரு நீல டிரம். நிம்மதியாக இருந்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் விடியற்காலையில் பக்கத்து வீட்டுத் தம்பி போன் செய்தான். கழிமுகத்தில் வலை வீசப் போயிருந்தவன். "அக்கா, உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் இங்க கரையில கிடக்கு" என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பக்கவாட்டுல பாப்பா உயரம் அளந்து கோடு போட்டிருக்கீங்களே."

ஓடிப்போய்ப் பார்த்தேன். கோடுகள் அப்படியே இருந்தன. பின்பக்கம் கம்ப்ரஸரைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அதற்குள் இருக்கும் செம்புக்குக் காசு கிடைக்கும். செம்புக்குழாயைக் குறட்டால் வெட்டிய இடம் கூராக நீட்டிக்கொண்டிருந்தது. கீழே மணலில் எண்ணெய் படர்ந்து கறுத்திருந்தது. டிவியின் கழுத்தை உடைத்துச் செம்புச் சுருளை உருவியிருந்தார்கள். மெத்தைகளைக் காணவில்லை. ஓதத்தில், அதாவது கடல் தண்ணீர் ஏறி வடிந்ததில், போயிருக்க வேண்டும், ஏனென்றால் சேற்றில் மஞ்சள் ஸ்பாஞ்சுத் துணுக்குகள் சிதறிக் கிடந்தன. கையில் எடுத்தால் மீன் முட்டை மாதிரி பொடிப்பொடியாக உதிர்கிறது. மீன் அதைத் தின்னாமலா இருக்கும்?

ஃப்ரிட்ஜின் பின்னால் ஒட்டியிருந்த தாளில் ஆர்134ஏ, 120 கிராம் என்று அச்சடித்திருந்தது. குழாய்க்குள் ஓடிக் குளிர வைக்கிற வாயுவின் பெயரும் அளவும்தான் அது. இந்த வாயு ஓசோனைக் கெடுக்காது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிராம் கரியமில வாயுவைவிட ஒரு கிராம் இது 1,300 மடங்குக்குக் குறையாத வீரியம் கொண்டது. குழாயை வெட்டிய நொடியில் அந்த 120 கிராமும் காற்றில் போனது. 150 கிலோவுக்கு மேல் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். இன்னும் பழைய ஃப்ரிட்ஜ் என்றால், 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் கட்டுப்படுத்திய, ஓசோனைத் தின்கிற வாயுவே குழாயிலும் சுவருக்குள் இருக்கும் நுரையிலும் இருக்கும். பிக்சர் ட்யூப் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. பெரிய டிவியில் அது ஒரு கிலோவைத் தாண்டக்கூடும். அந்தக் கழிமுகத்தில்தான் குழந்தைகள் நண்டு பிடிக்கிறார்கள். ஃப்ரிட்ஜின் கதவும் கழற்றாமல் இருந்தது. ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே புகுந்து கதவு மூடிக்கொண்டால் மூச்சுமுட்டிவிடும். எனக்கு அதை நினைத்துத்தான் கை நடுங்கியது. கதவைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு நாளில் அலுவலகத்திலிருந்து எனக்கே அபராத நோட்டீஸ் வந்தது. பின்னால் ஒட்டியிருந்த சர்வீஸ் சீட்டில் என் பெயரும் வீட்டு எண்ணும் இருந்தனவாம். யாரிடம் கொடுத்தீர்கள், ரசீது எங்கே, வண்டி எண் என்ன என்று கேட்டார்கள். என்னிடம் இருந்தது அந்தப் போட்டோ மட்டும். அவர் போன் எண் அதற்குள் அணைந்துவிட்டது. அபராதமும் கட்டி, என் செலவிலேயே அப்புறப்படுத்தவும் செய்தேன். பிறகு தெருவில் விசாரித்தால், இன்னும் மூன்று வீட்டுக்கும் அதே போட்டோதான் வந்திருக்கிறது. அதே கொட்டகை, அதே சாய்ந்த நீல டிரம்.

இப்போது எங்கள் தெருவில் ஐந்து வீடுகள் சேர்ந்து ஒரே வண்டி பேசி, ஒருவர் கூடவே போய் மையத்தில் இறக்கிவிட்டு வருகிறோம். முதல் தடவை நான்தான் போனேன். அங்கே ஒரு பணியாளர் குழாயில் ஒரு கவ்வியை மாட்டி, வாயுவைச் சிலிண்டருக்குள் இழுத்து, சிலிண்டரை எடை போட்டுக் குறித்துக்கொண்டார். பத்து நிமிட வேலை. என் ஃப்ரிட்ஜில் இழுக்க எதுவும் மிச்சமில்லை.

நீங்கள் தனியாக யாருக்காவது கொடுக்கத்தான் வேண்டும் என்றால், பொருள் வண்டியில் இருக்கும்போதே எண் பலகை தெரியப் படம் எடுங்கள். எந்த மையம் என்று பெயர் கேட்டு, அந்த மையத்துக்கே போன் செய்து இவர் வருவாரா என்று விசாரியுங்கள். கூலியில் பாதியாவது மையத்தின் எடைச்சீட்டு கைக்கு வந்த பிறகு கொடுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் கொடுக்கவே வேண்டாம், வீட்டிலேயே இன்னும் ஆறு வாரம் கிடக்கட்டும். புதிது வாங்கப் போகிறீர்கள் என்றால் பணம் கட்டும் முன்பே பழையதைக் கடைக்காரர் எடுத்துக்கொள்வாரா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். பல நாடுகளில் தயாரிப்பாளரே திரும்பப் பெற வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கேட்காதவர்களுக்கு யாரும் வலியச் சொல்வதில்லை.

அந்த வண்டி போன வாரமும் பக்கத்துக் குப்பத்தில் நின்றதாகச் சொல்கிறார்கள். ஆள் மாறியிருக்கலாம், போன் எண் நிச்சயம் மாறியிருக்கும். மூலையில் நீல டிரம் சாய்ந்து கிடக்கிற அந்தக் கொட்டகைப் படம் உங்கள் போனுக்கு வந்தால், அன்றைக்கே கழிமுகக் கரைக்குப் போய்ப் பாருங்கள். ஓதம் ஏறுவதற்குள் போனால் மெத்தையையாவது மீட்கலாம்.