பெண்களுக்கான டிராக் டே: கட்டிய பணத்துக்கு என்ன கிடைக்கிறது?

டிராக் டே என்பது, பந்தயத்துக்கான டிராக்கில் யார் வேண்டுமானாலும் பணம் கட்டிக் கார் ஓட்டிப் பழகும் நாள். பெண்களுக்கென்று நடத்தப்படும் டிராக் டேக்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகத்தில் வரவேற்புப் பலகை இளஞ்சிவப்பு, கையில் ஓர் அன்பளிப்புப் பை, மேடைப் பேச்சு, விலையுயர்ந்த காரில் பத்துச் சுற்று, கடைசியில் சான்றிதழோடு ஒரு போட்டோ. இரண்டாவது ரகத்தில் முதல் ஒரு மணி நேரம் கார் நகரவே நகராது. சீட்டை முன்னும் பின்னும் தள்ளிப் பார்ப்பதிலும் கொடிகளின் அர்த்தத்தைக் கேட்பதிலும் அந்த நேரம் போகும். விளம்பரத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தனி ஒரு நிறுவனத்தை இங்கே எடைபோடவில்லை. இந்தச் சேவையில் எது சரக்கு, எது சாயம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் நோக்கம்.

முதலில் ஓட்டும் நேரம். பத்துச் சுற்று என்பது காதுக்கு நிறையவே கேட்கும். 3 கிலோமீட்டர் டிராக்கில், சராசரி 90 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம். ஆக மொத்தம் இருபது நிமிடம். அதில் முதல் சுற்று டயரும் பிரேக்கும் சூடேற, கடைசிச் சுற்று அவை ஆற. மிச்சம் பதினாறு நிமிடம். நல்ல பயிற்சி நாளில் 15 முதல் 20 நிமிடம் ஓடும் செஷன்கள் குறைந்தது நான்கு இருக்கும், இடையிடையே வகுப்பும் இருக்கும். எனவே சுற்றுக் கணக்கைக் கேட்காதீர்கள். எத்தனை செஷன், ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், பக்கத்தில் பயிற்சியாளர் உட்காருவாரா என்று கேளுங்கள். ஒரு பயிற்சியாளருக்கு இரண்டு மாணவிகளுக்கு மேல் என்றால் வேண்டாம்.

மேடைப் பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1975 ஸ்பானிஷ் கிராண்ட் பிரியில் லெல்லா லொம்பார்டி புள்ளி எடுத்தார். விபத்தால் பந்தயம் பாதியிலேயே நிறுத்தப்பட்டதால் அவருக்குக் கிடைத்தது அரைப்புள்ளி. ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த ஒரே பெண் இன்றுவரை அவர்தான். 1981இல் மிஷேல் மூத்தோன் சான்ரேமோ ராலியை வென்றார். சபீன் ஷ்மிட்ஸ் 1996, 1997 இரண்டு ஆண்டும் நூர்பர்கிரிங் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற அணிகளில் ஓட்டினார். இதையெல்லாம் சொல்ல வேண்டியதுதான், ஐந்து நிமிடம். நாற்பது நிமிடம் சொன்னால் ஒரு செஷன் போயிற்று என்று அர்த்தம். பெண்ணால் முடியுமா என்ற கேள்விக்குப் பதில் எப்போதோ வந்துவிட்டது. வந்திருப்பவரின் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் இருக்கிறதா என்பதற்குத்தான் பல இடங்களில் பதில் இல்லை.

வாடகை ஹெல்மெட் வைத்திருக்கும் அலமாரியைப் பார்த்தாலே நடத்துபவரின் அக்கறை தெரிந்துவிடும். மீடியம், லார்ஜ், எக்ஸ்ட்ரா லார்ஜ் மட்டும் அடுக்கியிருந்தால், சிறிய தலையோடு வருபவரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. தலை அளவு புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே, பின்னந்தலையின் புடைப்பைச் சுற்றி எடுக்கப்படுவது. போட்ட பிறகு ஹெல்மெட்டை இடவலமாகத் திருப்பினால் கன்னத்துத் தோல் கூடவே நகர வேண்டும். நாடாவைக் கட்டிக்கொண்டு, பின்விளிம்பை வேறொருவர் மேலும் முன்னும் உருட்டித் தள்ளினாலும் கழன்று வரக்கூடாது. தொளதொள ஹெல்மெட் நேரான சாலையில் ஒன்றும் செய்யாது. பலமாக பிரேக் போடும்போதுதான் முன்னால் சரிந்து கண்ணை மறைக்கும், அதுவும் வளைவுக்குச் சற்று முன்னால். உள்ளே துணி திணித்துச் சமாளிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தடிமனான கன்னத் திண்டு மாற்றித் தருவதே சரியான வழி. முத்திரையையும் பாருங்கள். ஸ்னெல் எஸ்ஏ 2020 அல்லது எஸ்ஏ 2025 என்றிருந்தால் அது கார் பந்தயத்துக்கான தரம், தீ எதிர்ப்புச் சோதனையும் அதில் சேர்த்தி. எம் என்ற எழுத்தில் தொடங்குவது பைக்குக்கானது. அதைச் சில இடங்களில் ஏற்பார்கள், சில இடங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

முடியை உச்சிக் கொண்டையாகப் போட்டால் ஹெல்மெட் மேலேறி நிற்கும். கழுத்தருகே கொண்டை போட்டால் தலையைப் பின்னால் சாய்க்க முடியாது. தாழ்வாகத் தட்டையாகப் பின்னி, சட்டைக்குள் விட்டுவிடுவதுதான் வசதி. ஊசி, உலோகக் கிளிப், காதணி எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. விபத்தில் ஹெல்மெட்டைக் கழற்றுபவர்கள் அதைப் பார்த்துப் பார்த்து இழுக்கமாட்டார்கள்.

சீட்டுக்கு வருவோம். முழு நாளையும் தீர்மானிப்பது இதுதான், அதிகம் அவசரப்படுத்தப்படுவதும் இதுதான். உயரம் குறைந்தவர் ஓட்டும்போது கார் தன் பேச்சைக் கேட்கவில்லை என்றால் முக்கால்வாசி நேரம் குற்றம் கையிலோ தைரியத்திலோ இல்லை, சீட்டில் இருக்கிறது. வரிசை இப்படி: இடுப்பைச் சீட்டின் மூலை வரை தள்ளி உட்காருங்கள். கிளட்சை அடிவரை மிதியுங்கள். அப்போதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் காரென்றால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துப் பாருங்கள். கால் நீண்டு நிமிர்ந்துவிட்டால் ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு அழுத்த முடியாது, மோதினால் அதிர்ச்சி நேரே இடுப்புக்குப் போகும். அடுத்து முதுகுச் சாய்வு. தோள் சாய்வை விட்டு எழாமல் கையை நீட்டினால் ஸ்டியரிங்கின் உச்சியில் மணிக்கட்டு உட்கார வேண்டும். விரல்நுனி மட்டும் எட்டினால் நீண்ட வளைவில் தோள் தூக்கும், தோள் தூக்கினால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்க ஆரம்பிப்பீர்கள். டயர் கையிடம் சொல்வதை அதன்பின் கேட்க முடியாது.

இங்கேதான் ஒரு சிக்கல். பெடலை எட்டுவதற்காக முன்னால் வந்தால் காற்றுப்பைக்கு மிக அருகில் போய்விடுவோம். நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் இடையே 25 சென்டிமீட்டராவது வேண்டும். முதலில் ஸ்டியரிங்கை உள்ளே தள்ள முடிகிறதா பாருங்கள், அப்புறம் சாய்வை ஒரு பல் பின்னால் விடுங்கள். இரண்டும் போதாவிட்டால் அந்தக் கார் அந்த ஓட்டுநருக்கு ஏற்றதல்ல. வேறு கார் கொடுப்பார்களா என்று முன்பதிவிலேயே கேட்டு வைப்பது நல்லது.

டாஷ்போர்டு மறைக்கிறதென்று மெத்தையைப் போட்டு உயர்த்திக்கொள்வது பலரும் செய்யும் தவறு. மெத்தை அமுங்கும். பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் மோதலில் அந்த அமுங்கிய இடம் தளர்வாக மாறி, உடல் பெல்ட்டுக்குக் கீழே நழுவும். இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். சீட்டிலேயே உயரம் கூட்டும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் நழுவாமல் பொருத்திய கடினமான ஃபோம் வேண்டும். உடலை இரு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் பக்கெட் சீட் அகலமாக இருந்தாலும் இதே மருந்து. இடுப்பின் இரண்டு பக்கமும் கெட்டியான திண்டு வைத்துவிட்டால், வளைவில் கதவில் முழங்காலை முட்டுக்கொடுத்து உட்கார வேண்டியிருக்காது.

கம்பெனி சீட் உள்ள சாதாரணக் காருக்கு, அதனுடன் வந்த மூன்றுமுனை பெல்ட்டே ஆரம்பநிலைக்குப் போதும். அதில் நான்குமுனைப் பட்டையைக் கட்டிக்கொடுப்பது பந்தயத் தோற்றம் தரும், பாதுகாப்பு தராது. கால்களுக்கு நடுவே வரும் கவட்டிப் பட்டை இல்லாததால் தோள்பட்டையை இறுக்கும்போதே இடுப்புப் பட்டை மேலேறும். ஆறுமுனை இருந்தால் இடுப்புப் பட்டையை முதலில், இடுப்பெலும்பின் மேடுகளுக்குக் கீழே வைத்து இறுக்க வேண்டும், தோள்பட்டை அதற்கப்புறம். பட்டைகள் மார்பின் மேல் அழுந்தாமல் உள்பக்கமாக இறங்க வேண்டும். பூட்டு அடிவயிற்றில் இருக்க வேண்டும், விலா அருகே அல்ல. மார்பு வலிக்கிறதென்று தோள்பட்டையைத் தளர்த்திக்கொள்பவர்கள் உண்டு. அதற்குப் பதிலாகப் பட்டையின் பாதையையும் கவட்டிப் பட்டையின் நீளத்தையும் சரிசெய்யச் சொல்லுங்கள். கழுத்துக் காப்பான ஹான்ஸ், இரு தோளிலும் பட்டை இருந்தால்தான் பயன்படும். மூன்றுமுனை பெல்ட்டோடு அதை மாட்டிவிடும் இடத்தில் மற்றதையும் சந்தேகத்தோடு பாருங்கள். கர்ப்பிணிகள் அந்த ஆண்டு வகுப்பறையோடு நிறுத்திக்கொள்ளலாம், இதில் பேரம் கிடையாது.

உடை விஷயத்தில் பருத்தி முழுக்கைச் சட்டையும் முழுக்கால்சட்டையும் போதும். நைலான் லெக்கிங்ஸ், செயற்கை இழை விளையாட்டு உள்ளாடை இரண்டும் தீயில் உருகித் தோலோடு ஒட்டும். கம்பி வைத்த உள்ளாடை, பட்டை இறுகும்போது குத்தும். காலணி மெல்லிய அடியோடு, பெருவிரல் பக்கம் அகலமில்லாமல் இருக்க வேண்டும். தீக்காப்பு உடை கட்டாயம் என்றால் இரண்டு துண்டாகக் கிடைக்குமா என்று கேட்பது அற்பக் கேள்வியல்ல. ஒற்றைத் துண்டு உடையோடு கழிப்பறை போவது பெரும்பாடு. கழிப்பறை தூரம், சுத்தமில்லை என்றால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். மூன்றாவது செஷனில் தலைவலியும் கவனச்சிதறலும் வருவது அதனால்தான். பெண்களை டிராக்குக்கு அழைக்கும் திட்டத்தில் செலவழிக்க முதல் இடம் எது என்று கேட்டால், அன்பளிப்புப் பையல்ல, பேடாக்கில், அதாவது கார்களை நிறுத்தித் தயார்செய்யும் இடத்தில், பூட்டுப் போடக்கூடிய இரண்டு சுத்தமான கழிப்பறைகள்.

பயிற்சியாளர் நல்லவரா என்று முதல் செஷனிலேயே தெரியும். அவர் முதல் இரண்டு சுற்றில் வேகத்தைப் பற்றிப் பேசமாட்டார். எங்கே பிரேக் தொட வேண்டும், எங்கே திருப்ப வேண்டும், ஏபெக்ஸ் (வளைவின் உள்விளிம்பைக் கார் தொட்டுச் செல்லும் இடம்) எது, வெளியேறும்போது எந்த விளிம்பு வரை கார் போகலாம் என்று அடையாளங்களைக் காட்டுவார். புதியவருக்கு ஏபெக்ஸைக் கொஞ்சம் தாமதமாகவே சொல்லிக்கொடுப்பார், வெளியேறும் இடத்தில் பாதை மிச்சமிருக்கும் என்பதால். அறிவுறுத்தல் வளைவுக்கு முன்னால் வரும், வளைவுக்குள் அல்ல. இன்டர்காம் அவசியம். ஹெல்மெட்டுக்குள் கத்திப் பேசினால் அதட்டலாகத்தான் கேட்கும்.

வளைவின் நடுவில் பதறி ஆக்சிலரேட்டரை விடுவது புதியவர் யாரும் செய்வதுதான். எடை முன்னால் சாய்ந்து பின்சக்கரங்கள் பிடி இழக்கும், கார் சுழலும். காரணம் பயமல்ல, வேகமாக நுழைந்ததும் கண் வெளிப்பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டதும்தான். "பயப்படாதீங்க" என்று சொல்பவருக்கு இது புரியவில்லை. "அஞ்சு மீட்டர் முன்னாடியே பிரேக் தொடுங்க, பார்வையை ஏபெக்ஸுக்குக் கொண்டு போங்க" என்பவருக்குப் புரிந்திருக்கிறது. சுழன்றுவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுதாக மிதிக்க வேண்டும் என்பதைக் கார் நிற்கும்போதே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

பெண்களுக்கு மட்டும் என்பதால் என்ன லாபம்? பாடம் ஒன்றுதான், டிராக்கும் ஒன்றுதான். லாபம் முந்தும் விஷயத்தில் இருக்கிறது. பொது நாளின் ஆரம்பநிலைக் குழுவிலும் பின்பம்பரை முகர்ந்துகொண்டு வரும் ஓர் ஆள் இருப்பார். கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டு வந்தால் வளைவு தப்பும். ஆரம்பநிலையில் முந்துவது நேர்ப்பகுதியில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கையை நீட்டி எந்தப் பக்கம் என்று காட்டிய பிறகே என்பதுதான் விதி. கை காட்டியதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கார்களும் ஒரே நேரத்தில் வளைவுக்கு வந்து சேரும். இந்த விதியைக் கறாராகக் காக்கும் பொது நாள், காக்காத பெண்கள் நாளைவிட மேல். முதல் ஒன்றிரண்டு முறை பெண்கள் நாள், அதற்கப்புறம் பொது நாளின் ஆரம்பநிலைக் குழு என்பது நம் பரிந்துரை. அந்த அடுத்த படிக்குத் தேதியும் தெரிந்த முகமான ஒரு பயிற்சியாளரும் ஏற்பாடு செய்து தராத நிகழ்ச்சிக்குப் பாதி மதிப்பெண்தான். டிராக்கே பெரிய தாவலாகத் தெரிந்தால் கோன் வைத்த மைதானத்தில் நடக்கும் ஆட்டோகிராஸில் தொடங்கலாம். மோதச் சுவர் இல்லை, கற்பது குறைவுமில்லை.

சொந்தக் கார் சிறிய ஹேட்ச்பேக்காக இருந்தாலும் தாராளம். பிரேக் பேட் பாதிக்கு மேல் இருக்கட்டும், பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றிவிடுங்கள். டாட் 4 தரத்தில் புதிய ஆயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சியதற்கு 155 மட்டுமே. கொதித்துவிட்டால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் பேட் சூடாகிவிட்டது. இரண்டுக்கும் உடனே வேகம் குறைத்து, டிராக்கை விட்டு ஒதுங்கி நிற்கும் பிட்டுக்கு வருவதுதான் வழி. தரை விரிப்பை எடுத்துவிடுங்கள், பெடலுக்கு அடியில் புகும். சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் டிராக்கில் செல்லாது. வாடகைக் காரென்றால் சேதத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

டயர் சூடேறினால் அழுத்தம் 4 முதல் 8 பிஎஸ்ஐ வரை கூடும். செஷன் முடிந்து வந்ததும் அளந்து கொஞ்சம் இறக்குங்கள், வீட்டுக்குப் புறப்படுமுன் மறுபடி ஏற்றுங்கள். பேடாக்கில் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சூடான பேட் டிஸ்கோடு ஒட்டிக்கொள்ளும். வீல் நட்டுகளை, சக்கரம் ஆறிய பிறகு, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச்சால் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிபாருங்கள். கடைசி செஷனில் கை சோர்ந்திருந்தால் அதை விட்டுவிடலாம். "காசு கட்டியாச்சே, ஓட்டுங்க" என்று சொல்லாத பயிற்சியாளர் கிடைத்தால் அடுத்த முறையும் அவரையே கேட்டு வாங்குங்கள்.